அட்டைக்கடிக்கு வைத்த உப்பு

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மரியகொரட்டி என்று கேட்டால் நாலு பேர் வந்து நிற்பார்கள். முந்நூறு என்று கேட்டால் ஒருத்திதான் வருவாள். அதுவும் சும்மா வரமாட்டாள், கையில் எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு வருவாள். போன வருஷம் அப்புத்தளையில் நடந்த கொழுந்து பறிக்கும் போட்டியில் வெறும் முந்நூறு கிராமில் முதலிடத்தைக் கோட்டை விட்டவள் அவள். இருபத்தாறு வருஷம் மலையில் நின்ற கை. அந்தக் கை தன்னைவிட எட்டு வயது சின்னவளான அப்புத்தளை விஜயலெட்சுமியிடம் தோற்றது. தோற்றதுகூடப் போகட்டும். அந்த விஜயலெட்சுமி மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா கவலப்படாதீங்க, முந்நூறு கெராம்தானே, ஒரு நேரத்துப் பருப்புக்குத்தான் காணும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அந்தப் பேச்சு இவளுக்கு முன்னாலேயே பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் முந்நூறு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் முந்நூறு, கோயில் வாசலில்கூட முந்நூறு. மரியகொரட்டி வாயால் வையவில்லை. மனதுக்குள் ஒன்றை முடித்து வைத்தாள். அடுத்த போட்டியில் ஜெயிப்பது, ஜெயித்த கையோடு எத்தனை கிராமில் விஜயலெட்சுமி தோற்கிறாளோ அந்தக் கணக்கை அவள் பெயராக்கிவிட்டு வருவது. வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்த வருஷப் போட்டிக்கு ஏழு வாரம் இருக்கும்போதுதான் அவள் உடம்பில் ஒன்று தன் வேலையைக் காட்டியது. எங்கே என்று கேட்காதீர்கள். கட்டிய புருஷனுக்கே அவள் ஒரு மாதமாகச் சொல்லவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்கிற காலம். அந்தக் காலத்தில் தேயிலைக்குள் நிற்கிறவர்களுக்கு அட்டை அழையா விருந்தாளி. கால் விரலுக்குள் ஏறும், முழங்காலுக்கு ஏறும், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குக்குள்ளும் ஏறும். ஏறினால் என்ன செய்வது என்று மலையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பை வைத்தால் விழுந்துவிடும், சவக்காரத்தைத் தேய்த்தால் கிட்ட வராது. அதனால்தான், ஒருநாள் காலைக்கடன் முடித்துக் கழுவும்போது பயறு அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டு, துணியில் துளி சிவப்பும் கண்டபோது, மரியகொரட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. அட்டைதான். ஏறக்கூடாத இடத்தில் ஏறியிருக்கிறது, சனியன்.

உப்பு வைத்தாள். அட்டை விழவில்லை. உடுப்புக் கழுவுகிற சவக்காரக் கட்டியால் தேய்த்தாள். அப்போதும் விழவில்லை. ஒரு மாதம் இந்த யுத்தம் நடந்தது. ஒவ்வொரு நாளும் எரிச்சல் கூடிக்கொண்டே போனது, அதுவோ பயறிலிருந்து கடலையாகிவிட்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பூசைக்குப் போகும் அவசரத்தில் பாதித் தேசிக்காயைப் புளிக்கப் புளிக்கப் பிழிந்தாள் பாருங்கள். அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் காம்பராக் கோழிகள் கூரையில் ஏறிவிட்டன.

புருஷன் யேசுரத்தினம் ஓடி வந்தார். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினோடு வாழ்கிற மனுஷன், பாதிச் சத்தம் அவர் காதில் விழாது. இது விழுந்துவிட்டது.

"என்னடி?"

"அட்டைங்க."

"எங்க?"

 சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யேசுரத்தினம் அவள் நிற்பதைப் பார்த்தார், கையிலிருந்த தேசிக்காயைப் பார்த்தார். இத்தனை நாளாக அவள் ஏன் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தாள் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. "நாளைக்கு வேலைக்குப் போகாத. பதுளைக்குப் போவோம்" என்றார்.

"போட்டிக்கு மூணு கெழமைதான் இருக்கு, நான் எப்படிங்க நிக்கிறது?"

"குந்த முடியாதவ போட்டிக்கு எப்புடிப் போவ? பஸ்சுல தொங்கிக்கிட்டா?"

 அப்புத்தளைக்கு மூன்று மணித்தியாலப் பயணம். பதுளைக்குப் போகிற ஒரு மணித்தியாலத்தையே அவள் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் போனாள். இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். இரண்டு பேரையும் முறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டொக்டர், ஸிஹாமா என்று பெயர். சின்ன வயதுதான். தமிழ் பேசினார். அந்த ஒரு காரணத்துக்காகவே மரியகொரட்டி மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அட்டை இல்லம்மா. மூலம். வெளி மூலம் என்டு சொல்ற. நெறயப் பேருக்கு வாறதுதான், பயப்பட ஒண்டும் இல்ல. என்ன போட்டீங்க?"

"உப்பு."

"வேற?"

"சவக்காரம். உடுப்புக்குப் போடுற கட்டி."

"வேற?"

மரியகொரட்டி மேசைவிரிப்பைப் பார்த்தாள். "தேசிக்கா. ஒரு பாதிதான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கிய அடக்கில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, அது ஒங்கட சொந்தத் தோல். வீங்கிப்போன ரத்தக் கொழாய். அட்டையக் கொல்றதுக்குப் பதிலா ஒங்களையே கொன்டுக்கிட்டு இருந்திருக்கிறீங்க. இன்டையில இருந்து அந்த எடத்துல சவக்காரம் இல்ல, மருந்துத் தண்ணி இல்ல, தேய்க்கிற இல்ல. வெறும் தண்ணி. இளஞ்சூட்டுல, ஒரு பேசின்ல ஊத்திக் காலையில பத்து பதினஞ்சு நிமிஷம் குந்துங்க."

பிறகு அவர் கேட்டதெல்லாம் மரியகொரட்டி எதிர்பாராத கேள்விகள். காலையில் என்ன குடிக்கிறீங்க? ஒரு கோப்பைத் தேத்தண்ணி. பிறகு? பகலுக்கு வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. இடையில் தண்ணீர்? மரியகொரட்டி சிரித்துவிட்டாள். மலையில் யாராவது தண்ணீர் குடிப்பார்களா? குடித்தால் போக வேண்டி வரும். போகிறதுக்கு அங்கே என்ன இருக்கிறது, தேயிலையும் கங்காணியும்தானே. அதனால் மலை ஏறுகிற பொம்பிளைகள் எல்லாருமே வாயைக் கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். வந்தாலும் அடக்குவார்கள். அது அங்கே ஒரு பழக்கம், யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. சாப்பாடு கோதுமை மா ரொட்டி, காலையிலும் ரொட்டி, பொழுதுபட்டாலும் ரொட்டி.

டொக்டர் இப்போது சிரிக்கவில்லை. "இதுதான் ஒங்கட அட்டை" என்றார். "தண்ணி குடிங்க. கீர, பழம் சாப்பிடுங்க. முக்க வேணாம், கக்கூசுல போன் பாத்துக்கிட்டுக் குந்தி இருக்க வேணாம். வந்தா அடக்க வேணாம். எங்க நின்டாலும் சரி, வந்தா போங்க. ரத்தம் கூடினா, கட்டி நீலமாகிக் கல்லு மாதிரி வலிச்சா, ஒடனே இங்க வாங்க, வீட்டுல வச்சிப் பாக்க வேணாம்."

"டொக்டர், இருபத்தோராந் தேதி போட்டி. அதுவரைக்கும் ஆறிருமா?"

"சொன்னதச் செஞ்சா பஸ்சுல குந்திப் போகலாம் என்டு நெனக்கிறன்."

"ஜெயிப்பனா?"

"அது என்ட பாடத்துல இல்லம்மா."

அன்று பதுளைக் கடைத்தெருவில் யேசுரத்தினம் ஒரு பெரிய நீலப் பேசின் வாங்கினார். அகலம் பார்த்து, ஆழம் பார்த்து, கடைக்காரர் பார்க்காத நேரத்தில் மனைவியின் இடுப்பையும் ஒருதரம் பார்வையால் அளந்து வாங்கினார். மரியகொரட்டிக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் பஸ்ஸில் அந்தப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு துள்ளியது. இது அட்டை இல்லை. இது ஆறுகிற சாமான். இன்னும் இருபது நாள் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த ஒற்றைக் காம்பராவில் நடந்ததெல்லாம் ஒரு திருவிழாவுக்குக் கொடி ஏற்றின மாதிரிதான். காலையில் ஐந்து மணிக்கு யேசுரத்தினம் அடுப்பைப் பற்றவைப்பார். முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு சரியென்றால் பேசினில் ஊற்றுவார். குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் நேரம் பார்ப்பார். பத்து நிமிஷம். உள்ளே மரியகொரட்டி பேசினில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் அந்த இளஞ்சூடு பட்டதும், அம்மாடி, ஒரு மாத எரிச்சல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனது போல இருந்தது அவளுக்கு.

"பத்து நிமிஷம் ஆச்சு."

"இன்னும் கொஞ்சம்ங்க."

"டொக்டர் பத்து பதினஞ்சுதான்னு சொன்னாங்க. ஊறிப்போயிருவ."

எழுந்ததும் பழைய நூல் வேட்டியில் கிழித்த மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பாள். தேய்க்க மாட்டாள். அந்தத் துண்டுகளை யேசுரத்தினமே வெந்நீரில் அவித்துக் காயப்போட்டு வைத்தார். வீக்கம் கூடின நாட்களில் பீலித் தண்ணீரில் நனைத்த துணி வைத்துக்கொண்டாள். நமுனுகுல பீலித் தண்ணீருக்கு ஐஸ் தோற்கும். இறுக்கமான நைலோன் உள்பாவாடைகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. ரொட்டிக்குப் பதில் கேழ்வரகுக் குரக்கன் மா வந்தது, பப்பாசிப் பழம் வந்தது, லயத்து வீடுகளுக்குப் பின்னால் முளைத்த கீரை ஒன்றும் தப்பவில்லை.

சிரமம் தண்ணீரில்தான் வந்தது. முதல் நாள் ஒரு போத்தலோடு மலை ஏறினாள். அவளோடு பக்கத்து நிரையில் நிற்கிற சிவசக்தி பதறிப்போனாள். "கொரட்டிக்கா, ஒங்களுக்குக் கிறுக்கா? குடிச்சா வராதா?"

"வரும்."

"வந்தா?"

"போவேன்."

போனாள். லயத்துக்கு இறங்கி ஏற அரை மணித்தியாலம். கங்காணி வாயைத் திறக்குமுன், "போட்டிக்குப் போறவ நான்தானே, நான் ஜெயிக்கணுமா வேணாமா?" என்று கேட்டாள். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அந்த மனுஷனுக்கு விளங்கவில்லை. ஆனால் தோட்டத்துக்கே மானப் பிரச்சினை என்பதால் பேசாமல் விட்டுவிட்டார். மூன்றாவது வாரத்தில் கடலை பயறாகி, பயறு இருக்கும் இடம் தேடவேண்டியதாகிவிட்டது. அவள் உடம்பும் ஒரு கட்டுக்கு வந்தது. விடிய ஐந்து மணி என்றால் ஐந்து மணி. முக்கல் இல்லை, முனகல் இல்லை.

போட்டி நாள் வந்தது. தப்பு அங்கேதான் நடந்தது. அப்புத்தளைக்கு பஸ் எடுத்தது விடிய நாலு மணிக்கு. ஐந்து மணிக்கு அவள் பதுளை தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சமமாக, சீட்டு நிறைய, ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து போனாள். அந்தச் சந்தோஷத்தில் ஐந்து மணியை அடியோடு மறந்துபோனாள். வழி நெடுகப் போத்தலில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர். மூடுபனி விலகி வெயில் விழுந்த சரிவில் ஆளுக்கு ஒரு நிரை. நாற்பது நிமிஷம். முத்தல் இலை கலந்தால் நிறுவையில் கழிப்பார்கள். பக்கத்து நிரையில் விஜயலெட்சுமி. "வாங்க முந்நூறக்கா" என்றாள் பல்லெல்லாம் தெரிய. மரியகொரட்டி கூடையைச் சரிசெய்துகொண்டாள். விசில் ஊதியது.

அப்பப்பா, அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் தனித்தனிப் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடின. இரண்டு இலையும் அரும்பும், இரண்டு இலையும் அரும்பும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள். கரையில் நின்ற சிவசக்தி தொண்டை கிழியக் கத்தினாள். பதினைந்தாவது நிமிஷத்தில் மரியகொரட்டி விஜயலெட்சுமியை ஒரு செடி தாண்டினாள். இருபதாவது நிமிஷத்தில் இரண்டு செடி.

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் வந்தது.

சும்மா வரவில்லை. ஐந்து மணிக்கு வரவேண்டியது, வட்டியும் முதலுமாக வந்தது. மரியகொரட்டிக்கு நெற்றி வியர்த்தது. பதினெட்டு நிமிஷம், அடக்கினால் போதும். இருபத்தாறு வருஷம் அடக்கினவளுக்குப் பதினெட்டு நிமிஷம் ஒரு பெரிய காரியமா? கை ஓடியது. பக்கத்தில் விஜயலெட்சுமி ஒரு செடியை எட்டிப் பிடித்தாள். எங்கே நின்றாலும் சரி, வந்தா போங்க என்று டொக்டர் சொன்னது காதில் கேட்டது. பேசினையும், பாவம், முழங்கையால் சூடு பார்க்கிற அந்த மனுஷனையும் நினைத்தாள். ஒரு நாள் அடக்கினால் என்ன என்று கேட்ட அதே மனதுதான் தேசிக்காயையும் பிழியச் சொன்னது. அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

 அவள் நேராகப் போட்டியை நடத்துகிற துரையிடம் போனாள். அவர் கையில் மைக் உயிரோடு இருந்தது.

"ஐயா, கக்கூஸ் எங்க?"

அது மலையெல்லாம் கேட்டது. துரை சிவந்துபோனார். தொழிலாளருக்கென்று அங்கே எதுவும் இல்லை. வந்த பெரியவர்களுக்காக ஒன்றைத் துடைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள், சாவி அவர் சட்டைப்பையில். அவர் யோசித்துக்கொண்டே எடுத்த சாவியை அவள் யோசிக்காமல் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

ஐந்து நிமிஷம். முக்கவில்லை, அவசரப்படவில்லை. வெறும் தண்ணீரில் கழுவினாள், மடியில் வைத்திருந்த மெல்லிய துணியால் ஒற்றினாள். திரும்பி வந்து கூடையை மாட்டியபோது விஜயலெட்சுமி ஐந்து செடி முன்னால் நின்றாள். ஆனால் மரியகொரட்டியின் உடம்பு பஞ்சாகிவிட்டிருந்தது. வலி இல்லை, பாரம் இல்லை, பயமும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பறித்தாள். அந்தக் கடைசி நிமிஷங்களில் அவள் கை போன வேகத்தைப் பற்றிச் சிவசக்தி இன்றைக்கும் ஆள் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நிறுவையில் விஜயலெட்சுமிக்குப் பன்னிரண்டு கிலோவும் நானூறும். மரியகொரட்டிக்குப் பதினொன்றும் எழுநூறும். அப்புத்தளைக்காரர்கள் தப்புப் பறையை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு கொழுந்தைப் படங்கில் கொட்டி முத்தல் பார்த்தார்கள். விஜயலெட்சுமியின் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக் கொழுந்தில் முத்தலும் காம்புமாகக் கிடந்தன, தொள்ளாயிரத்தைக் கழித்தார்கள். மரியகொரட்டிக்குக் கழிந்தது ஐம்பது.

நூற்றைம்பது கிராமில் மரியகொரட்டி ஜெயித்தாள்.

தப்பு நின்றது. நமுனுகுல பக்கத்திலிருந்து வந்த பொம்பிளைகள் போட்ட குலவையில் துரையின் மைக்கே கீச்சிட்டது. சிவசக்தி அவளைத் தூக்கப் பார்த்து இரண்டு பேருமாக விழுந்தார்கள். மேடையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள், முதலாம் இடத்துக்கு ஒன்று, இரண்டாம் இடத்துக்கு ஒன்று. மரியகொரட்டி சால்வையும் மாலையுமாகப் போய்த் தொம்மென்று உட்கார்ந்தாள். வலிக்கவில்லை. கீழே சிவசக்தி ஆரம்பித்துவிட்டாள்: "நூத்தம்பது. ஏய் நூத்தம்பது." எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வருஷமாக மரியகொரட்டி காத்திருந்த சத்தம் அதுதான். வாய் நிறையச் சிரிப்போடு பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

விஜயலெட்சுமி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

இடது தொடையை மட்டும் கதிரையின் விளிம்பில் வைத்து, ஒரு கையை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு. தோற்றதற்கு அழுகிறாள் என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்கள். மரியகொரட்டி நினைக்கவில்லை. ஒரு மாதம் அவளும் இப்படித்தானே உட்கார்ந்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "சிவசக்தி, வாய மூடு. எல்லாரும் மூடுங்க" என்றாள். மைக் இல்லாமலே அது கடைசி ஆள்வரை கேட்டது.

பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு நெருங்கிப் போய், காதோடு கேட்டாள். "ஏன்டி லெட்சுமி, உப்பு வச்சியா?"

விஜயலெட்சுமி விறைத்துப்போய்ப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. "அட்டைன்னு நெனச்சேன்க்கா."

"சவக்காரம்?"

"நேத்தும் போட்டேன்."

"தேசிக்கா?"

"இல்லக்கா."

"அப்ப நீ என்னய விடக் கெட்டிக்காரிதான்" என்றாள் மரியகொரட்டி. அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியகொரட்டி தன் போத்தலை எடுத்து அவள் கையில் வைத்தாள். "குடி. காலையில இருந்து ஒண்ணுமே குடிச்சிருக்க மாட்ட. அடக்கிக்கிட்டுத்தானே பறிச்ச? முத்தலப் பாத்தாலே தெரியுது. வா என்கூட. அட்டையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பதுளையில ஒரு டொக்டரம்மா இருக்காங்க, அவங்களப் போய்ப் பாரு. ஒரு பேசின் வாங்கணும், அது எந்தக் கடையில அகலமா இருக்குன்னு என் வீட்டுக்காரருகிட்ட கேட்டுச் சொல்றேன்."

கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் பரிசும் இரண்டாம் பரிசும் ஒன்றாக எங்கே போகின்றன என்று மற்றப் போட்டிக்காரிகள் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒருத்தி எழுந்தாள், பிறகு இன்னொருத்தி.

மேடையில் துரை சட்டைப்பைகளைத் தடவிவிட்டு மைக்கில் சொன்னார். "சாவி கொண்டு போன அம்மா, தயவுசெய்து சாவியத் திருப்பிக் குடுங்க. மந்திரிமார் வந்து நிக்கிறாங்க."

மரியகொரட்டி பூட்டுத் திறந்த கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்தாள். வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டாள்.